ஆடிக் கூட்டத்தில் ஓர் ஆள் குறைவு

புக்கிட் செலம்பாவ்
14.5.1978

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை நவமணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சான் நடராஜாவும் பிள்ளைகள் இரண்டும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? கிலாங்கில் மிஷின் முன்னால் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை என்று சொன்னீர்கள். உட்கார ஒரு முக்காலி கேட்டு வாங்கக் கூடாதா?

ஆடி வருகிறது, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை அய்யாவு கங்காணி லயத்துக்கு வந்தார். இந்த வருசக் கூட்டம் ஆகஸ்டு பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். போன வருசம் பன்னிரண்டு ரப்பர்த் தோட்டத்து ஜனமும் லாரியிலிருந்து இறங்கியதும் முதலில் கேட்டது உங்களைத்தான். "சாமியாடி எங்க? ராமையா எங்க?" என்று. புது வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாம் வருசமும் அதையே சொன்னால் யார் நம்புவார்கள்? பதினான்கு வருசம் முனியாண்டி உங்கள் மேல்தான் இறங்கினார். சாமியை அழைக்கும் வர்ணிப்புப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

குருணிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். என் கடிதமே உங்களிடம் வந்து சேர மூன்று நாள் ஆகிறது. நீங்கள் என்னடாவென்றால் ஒன்றரை வருசமாக வரவில்லை.

பாப்பம்மா அக்காவைப் பசாரில் பார்த்தேன். மெர்போக் பக்கத் தோட்டத்தில் இருக்கிறாரே, அவர்தான். உங்களை ரொம்ப விசாரித்தார். "இந்த வருசமாச்சும் அண்ணன வரச் சொல்லு தங்கச்சி, அவரு வாயால ஒரு வார்த்த கேக்கணும்" என்றார்.

இன்னொன்று. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதாக இங்கே ஒரு பேச்சு. நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

உடனே பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை நவமணி


குருண்
2.6.1978

அன்புத் தங்கை நவமணிக்கு அண்ணன் ராமையா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் சுகம் என்று படித்து மனம் லேசானது. நானும் இருக்கிறேன்.

ஆகஸ்டில் எனக்கு மதிய ஷிப்டு. மாற்றித் தரமாட்டார்கள். முட்டி மழைக்காலத்தில் மோசமாக இருக்கிறது, வெயில் காலத்தில் கொஞ்சம் மோசமாக இருக்கிறது. இந்தக் காலோடு சாமி ஆட முடியாது என்று அய்யாவுவிடம் சொல்லிவிடு. இருளப்பனுக்கு அருள் வரும் என்று முன்பே பேச்சு இருந்தது. அவனை நிற்கச் சொல்லட்டும்.

வர்ணிப்பில் முதல் பாதி, என்னிடம் பாட்டுக் கற்ற மணியத்துக்குத் தெரியும். மீதியை இதோடு தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அவனிடம் கொடு.

சர்ச்சுக்குப் போவது உண்மைதான். கிலாங்கில் என்னோடு வேலை செய்யும் மரியராஜ் கூப்பிடுவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். மதம் மாறவில்லை. அந்தக் கவலை வேண்டாம்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளை நன்றாகப் படிக்க வை.

அன்புடன்,
அண்ணன் ராமையா


புக்கிட் செலம்பாவ்
22.8.1978

அன்புள்ள அண்ணனுக்கு நவமணியின் வணக்கம். நாங்கள் நலம். மச்சானுக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை. உங்கள் கால் எப்படி?

கூட்டம் முடிந்தது. நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். முதல் நாள் மழை. ரப்பர் ஷெட்டில்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் கும்மி. தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, சிவப்புக் கார்டு வைத்திருப்பவர்கள் குடியுரிமைக்கான நீலக் கார்டுக்கு எப்படி மனுப் போடுவது என்று பலகையில் எழுதிக் காட்டினார். நாற்பது பேருக்கு நானே மனுப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். கை வீங்கிவிட்டது. இரண்டாம் நாள் பெண்கள் கூட்டம். யார் வீட்டில் என்ன கஷ்டம், யாருக்கு எங்கே வேலை இருக்கிறது, எந்தப் பெண்ணைப் புருசன் அடிக்கிறான், எல்லாம் வெளியே வந்தது. அந்த மூன்று நாளுக்காகத்தான் அண்ணா மீதி நாளெல்லாம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறேன்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் இருளப்பன் மேல் சாமி வந்தது. ஆனால் வாக்கு ரொம்பக் கொஞ்சம். திருநீறு மட்டும் கொடுத்துவிட்டு மலையேறிவிட்டது. ஜனத்துக்கு நிறைவில்லை.

பாப்பம்மா அக்கா மூன்று நாளும் சமையல் ஷெட்டில்தான். யாரும் சொல்லாமலே வந்து சட்டுவத்தைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் கழுவும்போது தன் மகள் காளியம்மாவைப் பற்றிப் பேசினார். ஒன்பது வயது. எழுபத்தாறாம் வருசக் கூட்டத்துக்குக் காய்ச்சலோடு தூக்கி வந்தாரே, உங்களுக்கு மறந்திருக்காது. மூன்று நாளில் எழுந்து நடப்பாள் என்று உங்கள் வாயால் சாமி சொன்னது. வாக்குச் சொன்ன இரண்டாம் நாளே பிள்ளை போய்விட்டது. நான் தயங்கித் தயங்கி, "உங்களுக்குச் சாமி மேல கோவம் இல்லையாக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "எனக்குத்தான் அர்த்தம் புரியல தங்கச்சி. எந்திரிச்சு நடப்பான்னா, எங்கிட்ட நடந்து வந்துருவான்னு முனியாண்டி சொல்லியிருக்காரு. அவருகிட்டதான் இருக்கா. அத நெனச்சுத்தான் நான் கஞ்சி குடிக்கிறேன்."

உங்களுக்காகத் தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடு வாங்கி வந்து கொடுத்தார். குருணுக்குக் கிளம்பிய தபால் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். கிடைத்ததா?

நவமணி


குருண்
5.11.1978

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தீபாவளி எப்படிப் போனது? பிள்ளைகளுக்குத் துணி அனுப்பினேன், அளவு சரியாக இருந்ததா? நான் சுகம்.

கருவாட்டை மரியராஜ் வீட்டில் கொடுத்துவிட்டேன். அவர் மனைவி பிரிஜெட் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பியிருந்தார். சாப்பிட முடியவில்லை. இனிமேல் கருவாடு கொடுத்த அந்த அம்மாளிடமிருந்து எனக்கு எதையும் வாங்காதே. காரணம் கேட்காதே.

சர்ச்சில் ஓரமாக ஒரு மரப்பெட்டி இருக்கிறது, அலமாரி மாதிரி. ஒரு பக்கம் சாமியார் உட்காருவார். மறுபக்கம் முழங்காலிட்டுச் செய்த பாவத்தைச் சொல்வார்கள். நடுவில் சல்லடை. முகம் தெரியாது. நானும் போகலாமா என்று மரியராஜிடம் கேட்டேன். "அது முழுக்கு வாங்கி வேதத்துல சேந்தவங்களுக்குத்தான் அண்ணே. நீங்க சும்மா போய் சாமியார்கிட்ட பேசலாம்லா, அவரு கேப்பாரு" என்றார். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விட்டுவிடு.

ராமையா


புக்கிட் செலம்பாவ்
16.1.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் வைத்தோம். நீங்கள் இல்லாத மூன்றாவது பொங்கல். துணி சரியாக இருந்தது, சின்னவனுக்குத்தான் கொஞ்சம் நீளம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி ஆசையாகக் கொடுத்ததை வாங்காதே என்கிறீர்கள். அவர் உங்களை என்ன செய்துவிட்டார்? அம்மா செத்தபிறகு எனக்குத் தலைவாரிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டியது நீங்கள். எனக்குத் தெரிந்த அண்ணன் இப்படிப் பேசமாட்டார். பாவம் சொல்ல வேண்டும் என்றால் எங்களிடம் சொல்லக் கூடாதா? முகம் தெரியாத ஆளிடம்தான் சொல்ல வேண்டுமா?

உங்கள் மச்சானுக்கு அந்தச் சளி இன்னும் விடவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது நின்று நின்று இருமுகிறார். பனியில் மரம் வெட்டினால் எல்லோருக்கும் வருவதுதானே. தூதுவளை கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவமணி


குருண்
9.2.1979

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். என்னைத் திட்ட உனக்கு உரிமை இருக்கிறது.

ஆகஸ்டில் சளி என்று எழுதினாய். இப்போது பிப்ரவரி. ஆறு மாதச் சளியைத் தூதுவளையில் விடாதே. மச்சானைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸரிடம் காட்டு. அவர் பார்த்து என்ன சொன்னார் என்று ஒரு வரி போடு.

நான் நலம்.

ராமையா


புக்கிட் செலம்பாவ்
20.4.1979

அன்புள்ள அண்ணனுக்கு நவமணி எழுதுவது.

எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்க வேண்டாம். நல்ல சேதி வரட்டும், எழுதலாம் என்று இருந்தேன்.

போன வாரம் உங்கள் மச்சான் வேலை நேரத்தில் மர நிரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டில் ரத்தம். மரத்தில் கட்டிய மங்கில் பால் வடிந்துகொண்டிருக்க, இவர் மரத்தில் சாய்ந்து கிடந்தார். டிரெஸ்ஸரிடம் தூக்கிப் போனோம். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சுங்கை பட்டாணிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள், சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். இவர் மாட்டேன் என்கிறார். "அங்க போனவன் எவன் திரும்பி வந்தான்? போனா படுக்க வச்சிருவான். வேல போயிரும், வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான்" என்று ஒரே பிடிவாதம்.

எனக்கும் பயமாக இருக்கிறது. அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஆடிக் கூட்டத்துக்கு இன்னும் மூன்றரை மாதம்தான். அதுவரை கஷாயம் கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்கிறேன். உச்சிவேளையில் இவரைச் சாமி முன்னால் நிறுத்தி வாக்குக் கேட்கிறேன். சாமி போகச் சொன்னால் இவர் போவார். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

இருளப்பன் வாக்கு எனக்குப் போதவில்லை. நீங்கள் வந்து நில்லுங்கள், அண்ணா. எனக்காக. வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

நவமணி


குருண்
24.4.1979

நவமணி,

கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. கூட்டம் வரை காத்திருக்காதே. நாளைக்கே கூட்டிப் போ. அவர் வரமாட்டேன் என்றால் மணியத்தையும் இன்னும் இரண்டு பேரையும் வைத்துத் தூக்கிக் கெரெத்தா வண்டியில் ஏற்று. வாக்கு எதுவும் கேட்காதே. இருளப்பனிடமும் கேட்காதே, யாரிடமும் கேட்காதே.

ராமையா


புக்கிட் செலம்பாவ்
2.5.1979

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மச்சான் வாங்கிப் படித்துவிட்டார். சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. "பாத்தியா, ஒன் அண்ணன் சர்ச்சுக்காரனா மாறிட்டாரு. பதினாலு வருசம் ஊருக்கெல்லாம் வாக்கு சொன்னவரு, சொந்த மச்சானுக்கு வாக்கு கேக்காதன்றாரு" என்றார். எனக்கு அழுகையாக வந்தது.

எதற்காகக் கேட்கக் கூடாது? உங்கள் வாக்கைக் கேட்டுப் பிள்ளை பெற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். உங்கள் திருநீற்றில் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் பொய்யா? பொய் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மெய் என்றால் வந்து நில்லுங்கள். இரண்டும் இல்லாமல் அங்கே உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடாதீர்கள்.

நான் ஆடி வரை காத்திருப்பேன்.

நவமணி


குருண்
7.5.1979

அன்புத் தங்கை நவமணிக்கு,

இதை நேரில் சொல்ல வேண்டும் என்று நேற்று பஸ் ஏறினேன். உங்கள் முச்சந்தியில் பஸ் நின்றது. அங்கே பலாப்பழம் விற்கிற மலையாளத்துக் காக்கா என்னைப் பார்த்துக் கை காட்டினார். எனக்கு இறங்கக் கால் வரவில்லை. சுங்கை பட்டாணி வரை போய் வேறு பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். மச்சானுக்கும் படித்துக் காட்டு.

எழுபத்தாறாம் வருசக் கூட்டம், மூன்றாம் நாள். உச்சிவேளை. நான் குளித்து, மாலை போட்டு நின்றேன். உடுக்கை அடித்தார்கள். வர்ணிப்பு முழுவதும் பாடி முடிந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மற்ற வருசங்களில் பாட்டு பாதிக்கு வருமுன்பே உள்ளங்காலில் ஒரு சூடு கிளம்பும். அதற்குப் பிறகு நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லாமே தெரிந்தது. மணியத்தின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. யாரோ பிள்ளைக்குப் பால் கொடுப்பது தெரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள். முந்நூறு பேர் வெயிலில் நிற்கிறார்கள். அய்யாவு என் காதோரம் வந்து, "என்னப்பா, வருதா?" என்றார். அவர் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. சாமி வராமல் கலைந்து போனால் அடுத்த வருசம் எத்தனை தோட்டம் வரும் என்று அவர் கவலை.

நான் கத்திக்கொண்டு குதித்தேன். அருவாளை வாங்கினேன். எல்லோரும் குலவை போட்டார்கள். அது சாமி இல்லை நவமணி. நான்.

முதலில் வந்தவர் அந்த அம்மாள். தோளில் பிள்ளை. திருநீறு பூச நெற்றியில் கை வைத்தேன். என் கை சுட்டுவிட்டது. அந்தச் சூடு எனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்து, நான் உன்னை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு என் முதுகில் இருந்த அதே சூடு. பிள்ளையின் கண் சொருகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று என் புத்தி சொன்னது. அதைச் சொல்லவும் வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு ஒரு பயம் வந்தது. பதினான்கு வருசத்தில் முனியாண்டி யாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதில்லை. சொன்னால் இது சாமி இல்லை என்று தெரிந்துபோகும். அவ்வளவுதான். அந்த ஒரு பயம்தான். "மூணு நாள்ல எந்திரிச்சு நடப்பா, எங்கயும் கொண்டு போகாத" என்று கத்தினேன்.

சாமி அப்படிச் சொன்னது என்று ஊர் நினைக்கிறது. அந்த அம்மாளும் அப்படித்தான் நினைக்கிறார். நான் ஊரை விட்ட பிறகும் என்னை விசாரிக்கிறார், கருவாடு கொடுத்தனுப்புகிறார். நான் எப்படி அதைத் தின்பது? எப்படி அங்கே வந்து நிற்பது?

மற்ற வருசங்கள் மெய்யா என்று கேட்டாய். மெய் என்றுதான் அப்போது இருந்தேன். இப்போது எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு ஒரு நாள் செய்தது மீதி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

என்னை என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். மச்சானைக் கூட்டிப் போ. உன் காலில் விழுந்து கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன்.

ராமையா


சுங்கை பட்டாணி
12.7.1979

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத வரவில்லை என்பதுதான் உண்மை.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவரே எழுந்து சட்டையை எடுத்துப் போட்டார். மணியம் கெரெத்தா கொண்டு வந்தான்.

காச நோய். நுரையீரல் ஒரு பக்கம் போய்விட்டதாம். தினமும் ஊசி. பிழைப்பார் என்கிறார்கள். ஆனால் இனி மரம் வெட்ட முடியாது. ஆடி வரை வைத்திருந்தால் கொண்டு வந்திருக்கவே வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வேலை முடிந்து நான் இங்கே வந்து போகிறேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்களால் இவர் பிழைத்தார். உங்களால் அந்தப் பிள்ளை செத்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சில நாள் உங்கள் மேல் பாசமாக இருக்கிறது. சில நாள் உங்கள் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பாப்பம்மா அக்கா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தார். இவருக்குக் கஞ்சி கொண்டு வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "என்னா தங்கச்சி, எம்மேல கோவமா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை, அண்ணா. சொல்லவும் மாட்டேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது. உங்களுக்குப் பதிலாக நான் சுமக்க முடியாது.

கூட்டம் ஆகஸ்டு பத்து முதல் பன்னிரண்டு. இவரை விட்டுவிட்டு நான் போக முடியாது. நீங்கள் போங்கள்.

நவமணி


குருண்
14.8.1979

அன்புத் தங்கை நவமணிக்கு அண்ணன் எழுதுவது. மச்சானுக்கு ஊசி எத்தனை பாக்கி? சோறு இறங்குகிறதா? உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

கூட்டத்துக்குப் போனேன். மூன்றாம் நாள் காலையில் முச்சந்தியில் இறங்கி நடந்தேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். "சாமியாடி வந்துட்டாரு" என்று பெண்கள் கைகூப்பினார்கள். அய்யாவு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருக்கு ரொம்பவும் வயதாகிவிட்டது. இருளப்பன் தன் கழுத்து மாலையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன். ஆட வரவில்லை, ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன்.

உச்சிவேளைக்கு முன்னால் எல்லோரும் வந்து நின்றபோது பேசினேன். என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. "மூணு வருசத்துக்கு முந்தி இங்க நின்னு வாக்கு சொன்னது முனியாண்டி இல்ல, நான்தான்" என்றேன். அடுத்து நடந்ததை எப்படி எழுதுவது? என் உடம்பு ஆடுவதைப் பார்த்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ குலவை போட்டார்கள். உடுக்கை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண் என் காலில் விழுந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். "சாமி இல்ல, சாமி இல்ல" என்று நான் கத்தக் கத்தக் குலவை கூடியது. அய்யாவு அருவாளைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். அதைக் கீழே போட்டேன். அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக் கும்பிட்டார்கள்.

"உடுக்கைய நிறுத்துங்கடா!" என்று ஒரு குரல் கேட்டது. பாப்பம்மா. சமையல் ஷெட்டிலிருந்து கரிக்கையோடு வந்து நின்றார். எல்லாம் நின்றுபோனது. என் எதிரே வந்து முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு சாமி இல்லியா?"

"இல்லம்மா."

"நீயா சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"எம்புள்ள நெத்தியத் தொட்டியே. சூடு தெரியலியா ஒனக்கு?"

"தெரிஞ்சுச்சு."

அவர் இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார். பிறகு ரொம்ப மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "டிரெஸ்ஸரு வண்டி சொல்லி வச்சிருந்தாரு. நான்தான் திருப்பி அனுப்புனேன். சாமி சொல்லிருச்சு, போகல்லன்னு சொன்னேன்." பிறகு கேட்டார்: "இத்தன நாளு அவ முனியாண்டிகிட்ட இருக்கான்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப எங்க இருக்கான்னு நெனைக்கிறது?"

அவர் என்னை அடித்திருக்கலாம். அதற்குத்தான் மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். இந்தக் கேள்விக்குத் தயாராகப் போகவில்லை. நான் பாரத்தை இறக்கி வைக்கப் போனேன் நவமணி. அந்த அம்மாள் கையில் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அய்யாவு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஜனம் கலைந்து தள்ளித் தள்ளி நின்றது. திட்டியவர்களும் உண்டு. பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. சர்ச்சுக்காரர்கள் ஏதோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்த மதியம் யாருக்கும் வாக்கு இல்லை. இருளப்பன் மாலையை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

நான் கிளம்பி மண் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்துவிட்டேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பாப்பம்மா மூச்சிரைக்க வந்தார். என் பக்கத்தில் வரவில்லை. பத்தடி தள்ளியே நின்றார்.

"அடுத்த வருசமும் வா" என்றார். "வந்து எல்லார் முன்னாடியும் இதயே சொல்லு. அதுக்கு அடுத்த வருசமும் சொல்லு. மடியில புள்ள வச்சிருக்கிறவளுங்க கேக்கட்டும். ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

சரி என்றேன். அவர் திரும்பி ஷெட்டுப் பக்கம் நடந்தார். முந்நூறு பேருக்குச் சோறு வடிக்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
அண்ணன் ராமையா